விருத்தாசலத்துக்கு எடுத்துப் போகாத விளக்கு

ரோபோ கம்பெனிகளில் ஃபர்ம்வேர், அதாவது இயந்திரத்தின் சிப்பில் பதியும் நிரல், எழுதும் சிலர், முதல்முறை தொழிற்சாலைக்குப் போகுமுன் என்ன எடுத்துவைக்க வேண்டும் என்று எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். எழுபதுகளின் கடைசியில், ஒரு ஜூன் மாதம் நான் போன பயணத்தைச் சொல்கிறேன். இதன் முழுக் கதையும் என் கணவருக்கு மட்டும் தெரியும். அவரும் இப்போது இல்லை.

காலை ஆறரைக்கு எழும்பூரில் ரயில் ஏறினேன். விருத்தாசலம் 213 கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம். ஜங்ஷனிலிருந்து பீங்கான் ஆலைக்குக் குதிரை வண்டி ஒன்றரை ரூபாய். (பேரம் பேசினால் ஒன்றேகால். நான் பேசுவதில்லை.) வழியெல்லாம் வெள்ளைப் புழுதி.

என் பையில் ஒரு சிப் இருந்தது. ஜாடியைத் தூக்கிச் சூளை வண்டியில் வைக்கும் இயந்திரக் கைக்கு நான் எழுதிய நிரல் அதில்தான். அந்தக் காலத்து சிப்பில் ஓர் எழுத்தை மாற்றக்கூட, புற ஊதா விளக்கின் கீழ் இருபது நிமிடம் வைத்து முழுவதையும் அழித்துத் திரும்ப எழுத வேண்டும். விளக்கை மெட்ராஸிலேயே விட்டு வந்தேன். அது தப்பு செய்பவர்களுக்கு என்று எண்ணம். கான்வென்ட்டில் என் கணக்கு நோட்டில் அடித்தல் திருத்தலே இருந்ததில்லை.

இயந்திரக் கை எடுக்கும் மேடையில் ஜாடிகளை வைப்பவர் அஞ்சலை. நாற்பது வயதிருக்கும். ஒத்திகையைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"ஏம்மா, வண்டிக்கு வண்டி மொத ஜாடிய தொட்டுக் கும்புட்டுதான் உள்ள அனுப்புவோம். அந்தக் கைய செத்த நிக்கச் சொல்லுங்கம்மா."

"அது நிக்காது. நீங்க தொடாதீங்க."

"சொன்னா கேக்காதா? அப்ப எங்கூட்டுக்காரரு மாதிரிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நிரலில் மூன்று வினாடி நிறுத்தம் கூட்டினால் போதும். ஆனால் விளக்கு கொண்டுவரவில்லை என்று மானேஜரிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

மறுநாள் முதல் இரண்டு வண்டிகளுக்கும் அஞ்சலை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவது வண்டியின் முதல் ஜாடிக்கு, பல வருடப் பழக்கம், கை தானாகப் போனது. இரும்புக் கை இறங்கியது. வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின.

ஜீப்பில் ஏற்றும்போது என்னைப் பார்த்தார். "நீங்க சொன்னீங்கம்மா. என் கைதான் கேக்கல."

விபத்து அறிக்கையில் 'காரணம்' என்ற இடத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் பிறகு வேலைக்குத் திரும்பவில்லை.

போகிறவர்களுக்கு: ஜங்ஷன் பக்கத்து லாட்ஜ் போதும், காய்ச்சிய தண்ணீர் கேட்டு வாங்குங்கள். முதல் நாள் எதையும் இயக்காதீர்கள். ஒரு ஷிஃப்ட் முழுக்க, வேலை செய்பவர்களின் கைகளை மட்டும் பாருங்கள். அழித்து எழுத என்ன வேண்டுமோ அதை முதலில் பையில் வையுங்கள். உங்களுக்கு இப்போது ஒரு கேபிள் போதும்.

அந்த அறிக்கையின் கார்பன் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. நல்ல கையெழுத்து. ஓர் அடித்தல்கூட இல்லை.