ரம்ஜான் பீவி வீட்டுக் குழாய்

ரம்ஜான் பீவி போராடி ஜெயித்தவை நான்கு. அண்ணன் அவள் பேரையும் போகிற ஊரையும் எழுதிக்கொடுத்த தகரப் பெட்டியோடு கப்பலேறி, நான்கு நாளும் ஒரு வாய்க் கஞ்சி வயிற்றில் தங்காமல் அந்தமான் வந்து கரையிறங்கியது. வந்த வருஷமே பிடித்த மலேரியாவிலிருந்து எழுந்தது. பத்துபஸ்திப் பகுதியில் தகரக் கூரை போட்ட சொந்த வீடு. மூன்று வருஷம் மனுக் கொடுத்து அந்த வீட்டுக்கு வாங்கிய தண்ணீர்க் குழாய். சந்தில் பதினோரு வீட்டுக்கும் அந்த ஒரு குழாய்தான்.

அதுதான் ஒழுகத் தொடங்கியது. பைப்பில் குழாயைத் திருகியிருந்த இடத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது. மழை பார்க்காத மாசி மாதம். நகராட்சிக் குழாய் மேற்பார்வையாளர் பன்னீர்செல்வம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்: "செவ்வாய்க்கிழமை வருவேன். அப்பவும் சொட்டுச்சுன்னா லைனை வெட்டிருவேம்மா."

வீட்டுக்காரர் சேக் தாவூத் சரக்கோடு கார் நிக்கோபார் தீவுக்குப் போய், திரும்பக் கப்பல் கிடைக்காமல் அங்கேயே இருந்தார். குழாய் மாட்டும் பிட்டர் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். ரம்ஜான் பீவி அசரவில்லை. கீழக்கரையில் வாப்பா தோணிப் பலகைகளின் இடுக்கை அடைப்பதைப் பார்த்து வளர்ந்தவள். குங்கிலியத்தை எண்ணெயில் குழைத்து, பஞ்சில் தோய்த்து, இணைப்பைச் சுற்றி வெளியிலிருந்து திணித்தாள். மறுநாள் காலை தண்ணீர் விட்டதும் அத்தனையும் பிதுங்கி வாளியில் விழுந்தது.

பார்க்க வந்த அண்ணன் நூர்முகம்மதுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தோணிக்கு அடைக்கிற மாதிரியில்ல அடைச்சிருக்கே, புள்ள!"

"சிரிக்காதீங்க காக்கா." அவள் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தோணில தண்ணி வெளியேருந்து உள்ள அழுத்தும். இது உள்ளேருந்து வெளிய தள்ளுது. அப்ப அடைப்பு உள்ளதான் இருக்கணும். ரெஞ்ச் இருந்தாக் குடுங்க."

திங்கட்கிழமை, தண்ணீர் நின்றதும் குழாயைக் கழற்றினாள். மரையில் படிந்த துருவைச் சுரண்டினாள். குழாயை முறுக்கும் திசையிலேயே சணல் நூலைச் சுற்றி, கெட்டியான வெள்ளைப் பெயிண்டை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். பிறகு இறுக முறுக்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலை சந்து முழுக்க வாளியோடு நின்றது. "டீக் ஹோ கயா, பாபி?" சரியாயிற்றா என்று எதிர்வீட்டு வங்காளிப் பெண் இந்தியில் கேட்டாள். தண்ணீர் வந்தது. பன்னீர்செல்வம் இணைப்புக்கு அடியில் விரலை ஓட்டிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"யாரு செஞ்ச வேலை?"

"நாந்தான்."

"வெளையாடாதீங்கம்மா."

அவள் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினாள். ரேகை தெரியாமல் வெள்ளை அப்பியிருந்தது.

"சரி, ஒழுகல் நின்னுச்சுன்னு இதுல கைநாட்டு வைங்க."

மை பெயிண்டில் ஒட்டவில்லை. தாளில் வெறும் திட்டுத்தான் விழுந்தது. "இது செல்லாதே," என்று பன்னீர்செல்வம் தலையைச் சொறிந்தார்.

"பேனாவக் குடுங்க," என்றாள் ரம்ஜான் பீவி.

பத்து வருஷமாகத் தினமும் திறந்து மூடிய தகரப் பெட்டி. அதில் இருந்த அதே கொட்டை எழுத்தில், ஒரு புள்ளி விடாமல் எழுதினாள்: ரம்ஜான் பீவி, போர்ட் பிளேர்.

"ஊரை யாரும்மா கேட்டா?"

"அதையும் சேத்துத்தான் எனக்குத் தெரியும்."

பன்னீர்செல்வம் சிரித்துக்கொண்டே தாளை மடித்துப் பையில் வைத்தார். லைன் தப்பியது. அன்று தேதி 1969 மார்ச் 11.