அரியலூர் வரை இன்னொரு அம்மா

பெரம்பலூரில் நான் பஸ் ஏறியபோது ஒரு நாடக நடிகை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். காதோரம் முந்தைய நாள் நாடகத்தின் ரோஸ் பவுடர் ஒட்டியிருந்தது. யார் என்ன பேசினாலும், முடிப்பதற்குள் "ஆமா" என்று தலையாட்டினாள்.

என் மூன்று வயது மகள் காலடியில் இருந்த எங்கள் கூடையைக் காட்டி, "யானை" என்றாள்.

"யானை இல்ல கண்ணு, கூடை." பிள்ளைக்குப் பொய் பழக்கக் கூடாது என்று நான் படித்திருந்தேன்.

"ஆமா, யானைதான். பசிக்குதாம்" என்றாள் நடிகை. மகள் உடனே அவள் மடிக்குத் தாவினாள். என்னிடம் சிரிக்காத சிரிப்பெல்லாம் அங்கே சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

"எப்படிங்க இது?" என்று கேட்டேன்.

"நாங்க ஒத்திகை இல்லாம மேடை ஏறுறவங்க அக்கா. எதிர்ல நடிக்கிறவங்க எதைச் சொன்னாலும் ஆமான்னுட்டு, நாம ஒண்ணு சேர்த்துச் சொல்லணும். புதுசா வர்றவங்கதான் உங்கள மாதிரி 'இல்ல, இல்ல'ன்னு சொல்லி ஆட்டத்தைப் படுக்க வச்சிருவாங்க."

அப்போது மகள் அவள் கன்னத்தைப் பிடித்து, "நீதான் அம்மா. இவங்க டீச்சர்" என்றாள்.

இதற்காவது மறுப்பாள் என்று பார்த்தேன். "ஆமா, நான்தான் அம்மா" என்றாள். பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றியது.

அரியலூரில் அவள் எழுந்தாள். "அம்மா வேலைக்குப் போறேன். டீச்சர் மடியில சமத்தா தூங்கு" என்று மகளை என்னிடம் தந்துவிட்டு இறங்கினாள்.

மகள் அழாமல் தூங்கினாள். ரெட்டிபாளையம் நெருங்கும்போது விழித்து, "டீச்சர், அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.

"சாயந்திரம் வருவாங்க. யானைக்குக் கரும்பு வாங்கிட்டு வருவாங்க" என்றேன்.

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கா, அந்த நடிகைக்கா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.