டொக்டர் செலஸ்ரீனாவின் வாசற்படி

இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியின் அடுக்குமாடிகளுக்கு நடுவே கூரான கூரையும் வண்ணக் கண்ணாடிகளுமாக ஒரு பழைய வீடு நிற்கிறது. விக்டோரியா மகாராணி காலத்தில் ஓர் ஆங்கிலேய வைன் வியாபாரி தன் ஊர்ப் பாணியில் கட்டியது. பிறகு அங்கே வாடகைக்கு இருந்தவர் டொக்டர் செலஸ்ரீனா, அந்தக் காலத்துத் தொற்றுநோயில் ஏழைகளைக் காப்பாற்றிய பெண்மணி என்று வீட்டுக்கார அம்மா, நாங்கள் 'சிஞ்ஞோரா' என்று கூப்பிடுபவர், எல்லோரிடமும் சொல்வார். ஆதாரம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். பழைய வீடென்றால் யாராவது பெரிய மனிதர் அங்கே தும்மியாவது இருக்க வேண்டுமே என்று நானும் சிரித்திருக்கிறேன்.

அங்கே தங்கி வேலை செய்பவர் காரைநகர் நாகபூசணி அக்கா. பலெர்மோவில் ஊரார் வீடுகளைத் துடைத்தே இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தவர். சுத்தமென்றால் பைத்தியம், சாமியென்றால் அதைவிடப் பைத்தியம்.

போன ஆடியில் சிஞ்ஞோரா கடற்காற்று வாங்க மொண்டெல்லோ போயிருந்தார். வெள்ளிக்கிழமை வந்ததும் அக்காவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மஞ்சளைக் குழைத்து வாசலின் மேல்படி முழுக்கப் பூசிவிட்டார். அது வெள்ளைச் சலவைக்கல் என்ற நினைவு மறுநாள் கழுவும்போதுதான் வந்ததாம். உடனே பக்கத்துத் தெருவில் இருக்கும் எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, கறை போகுதில்லையடா! மனுசி இண்டைக்கு வருது. வேலை போனால் இங்கை இருக்கிற பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்க என்னத்தைக் காட்டுறது?"

பிரஷோடு ஓடினேன். இருவருமாகத் தேய்த்தோம். கால்பட்டு வழுவழுத்த கல் மெல்ல வெளுத்தது. ஆனால் அதுவரை யார் கண்ணிலும் படாத மெல்லிய வெட்டுகளில் மஞ்சள் அப்படியே நின்றது. அவை எழுத்துகள். 'டொக்டர் செலஸ்ரீனா' என்று வாசித்தேன். சிரித்த வாயை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் டாக்சி வந்து நின்றது.

"சிஞ்ஞோரா, பிழை என்ரைதான்," என்று அக்கா முன்னே போய் நின்றார்.

சிஞ்ஞோராவின் காதில் அது விழவேயில்லை. கைப்பையை எறிந்துவிட்டு முழங்காலிட்டு எழுத்துகளைத் தடவினார். கண்ணீர் ஓடியது.

"நாகபூசணி, மஞ்சள் இன்னும் இருக்கோ? கீழ்ப்படிக்கும் பூசு."

அக்கா பூசினார். காயவிட்டு, மூவரும் சேர்ந்தே தேய்த்தோம். வந்த வரியைச் சிஞ்ஞோரா சத்தமாக வாசித்தார்:

"காசில்லாதவர்கள் மணி அடித்துக் காத்து நிற்க வேண்டாம். நேரே உள்ளே வாருங்கள்."

இந்த ஊரில் எத்தனையோ வீடுகளின் மணியை அடித்துவிட்டு வெளியே காத்து நின்ற அக்கா, படியிலேயே குந்தியிருந்து விம்மி விம்மி அழுதார். சிஞ்ஞோரா அவருடைய மஞ்சள் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.