சென்னையில் சொல்லாத ஜெபம்

கல்யாணமான நாளிலிருந்து நானும் என் மனைவி எஸ்தரும் ஜவ்வாது மலையில் ஊழியம் செய்கிறோம். ஜெபிக்காமல் ஒரு வாய் சோறு தின்றதில்லை. போன கல்யாண நாளுக்குச் சென்னையைச் சுற்றிப் பார்க்கலாம் என்று போளூர் போய் பஸ் ஏறினோம்.

மெரினா, மியூசியம், மெட்ரோ ரயில் எல்லாம் பார்த்துவிட்டு, கூட்டமான ஓர் ஓட்டலில் உட்கார்ந்தோம். தோசை வந்ததும் வழக்கம்போலக் கண்களை மூடினேன். திறந்தபோது எஸ்தர் பாதித் தோசையைத் தின்றிருந்தாள்.

"இன்னா எஸ்தர், ஜெபம் பண்ணலியா?"

"இங்க நம்மள யாருங்க பாக்கறாங்க?" என்றாள். குரலில் கோபமில்லை. "எப்ப வுட்டுப் போச்சுன்னே தெரியலங்க. ஊர்ல சும்மாதான் கண்ண மூடிக்கினு இருக்கேன்."

அதட்ட வாயெடுத்தேன். ஆனால் சற்றுமுன் கண்ணை மூடி என்ன ஜெபித்தேன் என்று எனக்கே நினைவில்லை. தோசையைப் பிட்டேன்.

மறுநாள் மலைக்குத் திரும்பினோம். எங்களைப் பார்க்கச் சபையார் வந்திருந்தார்கள். எல்லோரும் சாமைச் சோற்றுக்கு முன் உட்கார்ந்ததும் நான் ஜெபித்தேன். நடுவில் கண்ணைத் திறந்தால், எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் சட்டென்று கண்களை மூடிக்கொண்டோம்.

அன்று எங்கள் 'ஆமென்' வழக்கத்தைவிட உரக்கக் கேட்டது. அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தச் சத்தம் குறைந்ததில்லை.