பச்சைக்குப் போட்ட பத்தியம்

நாங்கள் குரும்பலூரில் இருந்தபோது அப்பா ஒரு லவ் பேர்ட்ஸ் வளர்த்தார். இருந்தது ஒற்றைப் பறவைதான், ஆனாலும் ஊரில் அதற்கு அதுதான் பெயர். வீட்டில் பச்சை என்போம். சாயங்காலமானால் அப்பா பாட்டிலோடு கூண்டருகே உட்காருவார். வறுத்த கடலையும் மிக்சரும் அவருக்குப் பாதி, பச்சைக்குப் பாதி. குடித்தால் அவர் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை, பச்சையோடு ஊர்க்கதை பேசுவார். எனக்கும் மிக்சர் கிடைக்கும் என்பதால் அந்த நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நான் மூன்றாம் வகுப்புப் படிக்கையில் பச்சை சிறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டது. அலகு தாறுமாறாக நீண்டிருந்தது. செத்துவிடும் என்று நான் அழுத அழுகையில், கூண்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஏறிப் பெரம்பலூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் செல்போன் வெளிச்சத்தில் அதன் வயிற்றைப் பார்த்தார். "தொத்து வியாதி இல்லைங்க. கல்லீரல் வீங்கியிருக்கு. என்ன தீனி போடுறீங்க?"

அப்பா கூண்டுக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாதான் பதில் சொன்னாள். "இவரு திங்கிறதெல்லாம் அதுவும் திங்குதுங்க சார்."

"எண்ணெய்ப் பண்டமே கூடாதுங்க. இப்பவே நிறுத்துனா பொழைச்சுக்கும்," என்று சொட்டு மருந்து கொடுத்தார்.

கல்லீரல் என்றால் எங்கள் பக்கம் கீழாநெல்லியும் பத்தியமும்தான். மறுநாளே அம்மா வீட்டுக்கே பத்தியம் போட்டுவிட்டாள். வறுவல் கிடையாது, மிக்சர் கிடையாது. "நீங்க பாட்டிலோட உக்காந்தா அது கடலை கேட்டுக் கத்தும். சாவட்டும்னா உக்காருங்க," என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா உட்காரவில்லை. சாயங்காலம் முழுக்கக் கூண்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார், பாவம்.

தினமும் காலையில் அம்மா மக்காச்சோளக் காட்டு வரப்பில் கீழாநெல்லி பறித்து வந்து, அரைத்து மோரில் கலக்குவாள். பச்சை அந்தப் பக்கமே திரும்பாது. வீணாகக் கூடாதென்று மீதியை அப்பாவிடம் நீட்டுவாள். அவர் முகத்தைச் சுளித்தபடி குடித்துவிடுவார்.

சொட்டு மருந்தும் தினையும் கீரையும் வேலை செய்தன. ஒரு மாதத்தில் பச்சை கம்பியில் ஏறிக் கத்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும் அரைப்பதை நிறுத்தவில்லை. கட்டைவிரல் பருமன் பறவைக்கு எலுமிச்சங்காய் அளவு உருண்டை.

"அதான் நல்லாயிடுச்சே. உனக்கு அளவே தெரியலம்மா," என்று கேலி செய்தேன்.

"ஆமாண்டி, எனக்கு எங்க தெரியுது," என்று சிரித்துக்கொண்டே பெரிய டம்ளர் நிறைய மோர் ஊற்றினாள். அது யாருக்கென்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.