புளி தேய்த்த சுவர் விளக்குகள்

2023ஆம் வருடம் பக்ரீத் முடிந்த திங்கட்கிழமை நஜீமுதீன் மச்சான் ஐந்தாவது முறையாகக் குவைத்துக்குக் கிளம்பினார். பெட்டி காரில் ஏறிய பிறகு மனைவி மர்ஜியாவிடம், "நீ ஒரு தொழில்ல கால ஊனிட்டீன்னா, இந்த ரெண்டு வருஷத்தோட வந்துடுறேன்" என்றார். சும்மா சொன்னாரோ என்னவோ, அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

மர்ஜியா என் பெரியம்மா மகள். நாலு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு நான் லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பியிருந்த நேரம் அது. திருச்சியில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும், எனக்குப் பழக்கமான நந்தினியிடம் அவளை அழைத்துப் போனேன். நந்தினி எட்டுப் புதிய பித்தளைச் சுவர் விளக்குகளையும், மாதிரிக்கு ஒரு பழைய விளக்கையும் கொடுத்தார். எட்டும் அதைப் போலப் பழசாகத் தெரிந்தால் தொடர்ந்து வேலை உண்டு. சனிக்கிழமை கொண்டுவர வேண்டும்.

மர்ஜியா ஒயர்களைக் கழற்றினாள். தின்னரால் மேல்பூச்சைத் துடைத்தாள். கொல்லையில், நவச்சாரமும் சுண்ணாம்பும் கலந்து வைத்த வாளிகளுக்குள் விளக்குகளைத் தொங்கவிட்டு மூடினாள். பித்தளையைக் கறுக்கவைக்கும் அந்த நெடிக்குப் பூனைகூட அந்தப் பக்கம் வரவில்லை. இரண்டு நாள் கழித்துத் திறந்தால் எட்டும் ஒரே கறுப்பு. படம் பார்த்த நந்தினி, பெயிண்ட் அடித்தது போல இருக்கிறது என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை, வீட்டு வேலைக்கு வரும் செல்வம்மாள் பாத்திரங்களோடு ஒரு விளக்கையும் எடுத்துப்போட்டுப் புளியால் தேய்த்துவிட்டார். கறுத்த பித்தளையைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஓடிப்போய்ப் பிடுங்கிய மர்ஜியா அப்படியே நின்றாள். விளக்கில் செதுக்கியிருந்த பூவிதழ்களின் விளிம்பில் மங்கிய பொன்னிறம், மடிப்புகளில் கறுப்பு. மாதிரி விளக்கைப் பக்கத்தில் வைத்தாள். பொருந்தியது.

"செல்வம்மாக்கா, மிச்சம் ஏழையும் இப்புடியே தேய்ங்க. இதுக்கு மேல வேணாம்."

"கறுப்பாக்குறதும் நீங்க, தேய்க்கச் சொல்றதும் நீங்க. நல்லாருக்கு போங்க."

சனிக்கிழமை எட்டு விளக்குகளும் குன்னம் வழியாகத் திருச்சிக்குப் பஸ்ஸில் போயின. அடுத்த மாதம் இருபது வந்தன. இப்போது கொல்லையில் கொட்டகை போட்டு ஆறு வாளிகள் வைத்திருக்கிறாள். செல்வம்மாள் பாத்திரம் தேய்ப்பதில்லை, விளக்கு மட்டும்தான்.

மச்சான் கிளம்பி இரண்டு வருடம் ஆனபோது, ஒரு மதியம் அவருடைய குரல் செய்தி வந்தது. மர்ஜியா ஈரக்கையோடு போனை என்னிடம் நீட்டினாள்.

"காண்ட்ராக்ட்ட புதுப்பிக்கல. பதினெட்டாந்தேதி டிக்கெட். ஊருக்கு வர்றவன் தைலம், சாக்லேட் வாங்கியாருவான். உனக்கு என்ன, புளி வாங்கியாரவா?"