விதைப்பானைச் சாமை

புது பீரோவின் கதவைத் திறந்தேன், கண் எரிந்தது. ஒட்டுப்பலகையில் செய்த பீரோ. மாடிக்குத் தூக்கி வந்து வைத்த ஆள், "புது வாசனை சார், பத்து நாளு தொறந்து வைங்க, போயிடும்" என்றான். அவனுக்கு அது புதிது. என் இளமை முழுக்க அந்த வாசனையில்தான் ஊறிக் கிடந்தது. ஃபார்மலின். செத்ததை அழுகவிடாமல் நிறுத்தி வைக்கும் தண்ணீர். பலகையை ஒட்டுகிற பசையிலும் அதற்கு ஒன்றுவிட்ட உறவு ஏதோ இருக்கிறதாம். பீரோவில் புடவை அடுக்க வேண்டிய மனைவி கையில் அடுக்கோடு நிற்கிறாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு ஜவ்வாது மலையில் நிற்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. கீழே ஒரு மருத்துவக் கல்லூரியில், ஈரல், குடல் நோய்களை ஆராயும் பிரிவில் நான் டெக்னீஷியன். நோயாளியின் விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தி எடுத்த ஈரல் துணுக்கு, அறுந்த நூல்போல ஒரு சின்னப் புட்டியில் மிதந்துகொண்டு என் மேஜைக்கு வரும். அதன் ஈரத்தை உறிஞ்சி, மெழுகில் புதைத்து, மெழுகை மயிரிழையிலும் மெல்லிய சீவலாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி, நீலமும் சிவப்பும் ஏற்றித் தருவேன். ஒரு மனிதனின் வலி கடைசியில் கோலப்பொடி நிறத்தில் வந்து நிற்கும். அழகாக இருக்கும். அழகாக இருந்ததுதான் எனக்குக் கடுப்பு.

துறைத்தலைவரைப் பெரிய டாக்டர் என்போம். அவரிடம் ஒரே ஒரு சட்டம். பேரும் ஊரும் எழுதாத புட்டி குப்பைக்குப் போகும். போகும் என்றால் அவர் கையாலேயே போகும். ஒருமுறை பசை விட்டு லேபிள் உதிர்ந்த புட்டியை, இது யாருடையது என்று எனக்குத் தெரியும் என்று நான் கெஞ்சக் கெஞ்ச, தொட்டியில் கவிழ்த்தார். "உனக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அந்த ஆண்டுகளில்தான் மலையிலிருந்து வயிறு வீங்கியவர்கள் இறங்கி வந்தார்கள். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. திருப்பத்தூர் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், இரண்டிலும் நின்றுகொண்டே வந்திருப்பார்கள். அவர்களில் ஒருவனின் ஈரல் துணுக்கு என் மேஜையில் மெழுகுக்குள் இருந்தபோது, அவன் மனைவி ஆய்வகத்தின் கதவருகே வந்து நின்றாள்.

"எங்க வூட்டுக்காரரு ஈரலு உங்ககிட்டதான் இருக்குதாமே."

"முழுசா இல்லம்மா. துளியூண்டு."

"அந்தத் துளி இன்னா சொல்லுது?"

"பெரிய டாக்டர் பார்த்துச் சொல்வாரு."

"நீங்க அறுக்கறீங்க. அவரு சொல்றாரா?" என்றாள். கேலியா, வெறும் கேள்வியா என்று முகத்தில் தெரியவில்லை. அன்றிலிருந்து நான் அவளுக்கு ஈரல்கார சார்.

புருஷன் இறந்துபோனான். வார்டில் மூன்று வாரம் கிடந்து, வயிற்றிலிருந்து தண்ணீர் எடுக்க எடுக்க ஊறி, இறந்துபோனான். அவளோடு வந்திருந்த பெண் குழந்தைக்கு ஆறோ ஏழோ வயது. அப்பனைப் பார்க்க வந்த குழந்தையின் பாவாடை நாடா வயிற்றுக்கு மேலே ஏறி நின்றதை முதலில் கவனித்தவர் பெரிய டாக்டர்தான். வயிற்றைத் தட்டிப் பார்த்தார். முகம் சுண்டியது. உள்ளே வந்து அப்பனின் கண்ணாடிச் சில்லை மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார்.

"சாராயத்துல கெட்ட ஈரல் இப்படி இருக்காதுய்யா. ஈரலுக்குள்ள ஓடற பொடி ரத்தக் குழாயை ஏதோ அடைச்சிருக்கு. இந்தப் பொண்ணும் சாராயமா குடிச்சா? திங்கறதுல என்னவோ இருக்கு. போய் அவங்க திங்கற தானியத்தைக் கொண்டா."

அவர் சொன்னது சரி. அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. முதல் நாளே அவர் சரியாகச் சொல்லிவிட்டார். கெடுத்தவன் நான்.

ஜீப்பில் போனேன். வயிறு வீங்கியவர் இருந்த வீடுகள் ஒவ்வொன்றிலும் ஒரு படி சாமை கேட்டேன். மழை பொய்த்த வருஷம். ஒரு படி என்பது அந்த வீடுகளில் எத்தனை வாயின் சோறு என்று எனக்குத் தெரியும். அந்தக் கூச்சத்தில் வாய் தானாகக் கடைத்தெருப் பேச்சுப் பேசியது. "கொஞ்சமா இருந்தாலும் பரவால்ல, நல்லதா பாத்துக் குடுங்க" என்றேன். ஒரு வீட்டில் சொன்னேனா? எல்லா வீட்டிலும் சொன்னேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன். பாத்திரம் எதுவும் கொண்டுபோகாததால் அவர்கள் துணிப்பைகளிலேயே வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு பையிலும் பேரும் ஊரும் எழுதிய சீட்டை அக்கறையாகத் தைத்தேன். சீட்டு தைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

சென்னைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிய சாமைக்கு இரண்டு மாதம் கழித்து ஒரு தாள் வந்தது. பூஞ்சை இல்லை, பூச்சிமருந்து இல்லை, வேற்று விதை இல்லை. கடைசியில் யாரோ மையால் எழுதியிருந்தார்கள், இத்தனை சுத்தமான தானியம் இங்கே வந்ததே இல்லை என்று. அந்த ஒரு வரியில் எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? பசித்த வீட்டில் எங்கிருந்து வரும் அத்தனை சுத்தம்? உறைக்கவில்லை. பெரிய டாக்டருக்கும் உறைக்கவில்லை. தாளைக் கோப்பில் குத்தினார். "சாப்பாடு இல்ல. இனி வேற யாராவது பாக்கட்டும்" என்றார். கோப்பை மூடிவிட்டு, "அவங்க பையையெல்லாம் திருப்பிக் குடுத்துடு, ஏழைங்க வீட்டுப் பை" என்றார்.

பையைத் திருப்பிக் கொடுக்கத்தான் மறுபடி மலையேறினேன். காலிப் பைக்கு ஜீப் கிடையாது. பஸ். வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கும் பஸ்ஸில், மடியில் காலிப் பைகளை அடுக்கிக்கொண்டு, ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவாக நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் புளிமூட்டைக்காரர் ஒருவர் பைகளைப் பார்த்து, "இன்னா வியாபாரம்?" என்று கேட்டார். பைகளை இன்னும் இறுக்கி மடித்துக்கொண்டேன்.

அவள் வீட்டுக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். வாசலில் குழந்தை சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வயிறு போன தடவையைவிடப் பெரிது. தோல் பளபளவென்று இழுபட்டு, நீல நரம்புகள் மேலே தெரிந்தன. அந்த நிறத்தைத்தான் நான் கண்ணாடியில் ஏற்றி அழகு பார்த்தேன். உள்ளே அவள் அன்றைய சோற்றுக்கான சாமையைக் களைந்து தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள். சட்டியை எட்டிப் பார்த்தேன். சாமைக்கு நடுவே பழுப்பாக, பொடியாக, பளபளப்பாக வேறு எதுவோ. மொச்சைக்கொட்டையை எறும்புக்கு ஏற்ற அளவில் செய்து போட்டதுபோல. விரலால் வழித்தெடுத்தேன். நாலைந்து ஒட்டிக்கொண்டு வந்தன.

"இது என்னம்மா?"

"அதுங்களா, கிலுகிலுப்பச் செடி வெதை. மழ இல்லாத வருசம் சாமை படுத்துக்குது, இதுதான் எழும்பி நிக்குது. அறுக்கச்சொல சேந்து வந்துடும்."

"போன தடவை குடுத்த சாமையில இது இல்லையே."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அதுல எப்பிடி இருக்கும்? அது வெதைப்பானைச் சாமை. நல்ல கதுரா பாத்து ஒவ்வொண்ணா ஒடிச்சி, தனியா கசக்கி, சாம்பல் போட்டு வச்சது. வெளியாளு வந்து கேட்டா அதுலருந்துதான் குடுப்போம். எல்லா வூட்லயும் அப்பிடித்தான் குடுத்தாங்க."

விரலில் ஒட்டியிருந்த விதைகளை அவள் முன் நீட்டினேன்.

"நீங்க திங்கறதைத்தானேம்மா நாங்க கேட்டோம்."

"நீங்கதான நல்லதா பாத்துக் குடுங்கன்னு சொன்னீங்க." குரல் கொஞ்சம் ஏறியது. "நல்லதா குடுத்ததுக்கு இப்ப வந்து ஏசறீங்க. வருசா வருசம் வெதைக்கிற சாமைய எடுத்துக் குடுத்தோம் சார்."

விதையையே கொடுத்திருக்கிறார்கள். மலையின் அடுத்த வருஷத்தை அரைத்துப் பொடியாக்கி, சுத்தம் என்று தாளில் எழுதி, கோப்பில் குத்தி வைத்திருக்கிறோம். யார்மேல் கோபப்படுவது? வீட்டில் உள்ளதில் சிறந்ததை எடுத்து நீட்டிய கையின் மேலா? இத்தனை நாள் அழுக்கைத் தேடி அலைந்துவிட்டு, அழுக்கைக் கேட்கக் கூச்சப்பட்ட என் நாக்கின் மேலா?

"பொறுக்கித் திங்கக் கூடாதாம்மா?"

"தோ, இவ்ளோ பொடி. பொறுக்கினா பொழுதுக்கும் பொறுக்கணும். பொறுக்கிப் போட்டா பானையில இன்னா மிஞ்சும்?"

எனக்குத் தெரிந்ததை, தெரியாததையும் சேர்த்து, சொன்னேன். இந்த விதைதான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் இதுவாக இருக்கலாம், இதை உடனே சோதிக்க வேண்டும், அதுவரை குழந்தைக்கு இது ஒரு பருக்கையும் கொடுக்காதே. "அப்ப இன்னா துன்றது?" என்றாள் அவள். அவளே யோசித்து, விதைப்பானையில் மிச்சம் இருப்பதைக் குழந்தைக்குப் பொங்கிப் போடுவதாகவும், அது தீர்ந்தால் செங்கத்துச் சந்தையில் புளியை விற்றுக் கேழ்வரகு வாங்குவதாகவும் சொன்னாள். அடுத்த வருஷம் விதைக்க? பழுப்பு விதை கலந்த சாமையில் ஒரு படி வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

"அதக் குடுக்க மாட்டேன்."

"ஏம்மா?"

"புல்லுப் பூண்டு கலந்ததப் போய் வெளியாளு கையில குடுப்பாங்களா? பேரு வேற எழுதித் தைக்கறீங்க. இன்னாரு வூட்ல மனுசன் துன்னுற மாதிரி ஒரு பிடி தானியம் இல்லன்னு கீழ்நாடு பூரா படிப்பாங்க. புருசன்தான் போய்ட்டான். மானம் இருக்குது."

வாதாடினேன். கெஞ்சினேன். ஒரு கட்டத்தில் கத்தியும்விட்டேன், குழந்தை மிரண்டு என்னைப் பார்த்தாள். அத்தனை வருஷம் புட்டிகளோடு பழகியவனுக்கு மனுஷியிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவள் சட்டியை மூடி மூலையில் தள்ளி வைத்துவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. காலிப் பையை அவளிடம் நீட்டினேன், வாங்கிக்கொள்ளவில்லை. திண்டாடி, வாசற்படியில் வைத்துவிட்டு நடந்தேன்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்லி முடித்தால் நான் ஏதோ சாதித்தவன்போல ஆகிவிடும். அந்தப் பழுப்பு விதை ஈரலைக் கெடுக்கும் என்று பிறகு சென்னையிலிருந்து தாள் வந்தது. பெரிய டாக்டர் அதை இரண்டு முறை படித்தார், என்னைப் பாராட்டவில்லை, தன்னையும் திட்டிக்கொள்ளவில்லை, ஜீப்புக்குச் சொல்லி அனுப்பினார். களையைப் பூக்கும் முன்பே பிடுங்கச் சொல்லி ஊர் ஊராகப் போனோம். அந்தக் குழந்தையின் வயிறு ஒரு மழைக்காலம் எடுத்துக்கொண்டு மெல்ல வற்றியது. வேறு வீடுகளில், நாங்கள் கோப்பை மூடி வைத்திருந்த அந்த இடைவெளியில், போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. அவர்களின் துணுக்குகளையும் நான்தான் சீவினேன்.

அன்றைக்கு பஸ் நிற்கும் புளியமரத்தடிக்கு வந்து நின்றேன். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ வேகமாக நடந்துவரும் சத்தம். அவள்தான். நான் விட்டுவந்த அதே பை, நான் தைத்திருந்த சீட்டைப் பிரித்துவிட்டு, வாய் இறுகக் கட்டி, முந்தானைக்குள் மறைத்து. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, திருட்டுச் சாமான் கைமாற்றுவதுபோல என் கையில் திணித்தாள். கனத்தது. ஒரு படிக்கு மேலேயே இருக்கும். முடிச்சின் இடுக்கில் பழுப்பாக ஒரு விதை ஒட்டியிருந்தது. கையில் கிடைத்த சந்தோஷத்தை அனுபவிக்கக்கூட விடாமல், பழக்கதோஷம், என் கை சட்டைப் பையில் சீட்டையும் பேனாவையும் தேடியது.

"பேரு எழுதாதீங்க சார்."

"எழுதலன்னா பெரிய டாக்டர் குப்பையில போட்டுடுவாரும்மா. இத்தனையும் வீணாப் போயிடும். யார் வூட்டுதுன்னு ஒரு பேரு இருந்தே ஆவணும்."

டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். நான் படியில் காலை வைத்தேன். அவள் பஸ்ஸோடு இரண்டு எட்டு நடந்து வந்தாள்.

"அப்ப உங்க வூட்டுதுன்னு எழுதிக்குங்க."